மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில் உள்ள கேளிக்கைப் பூங்கா. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து விளையாடும்படி தொடக்கத்திலேயே திட்டமிட்டுக் கட்டப்பட்டது. வீடு கட்டும் தொழிலில் இருந்த கோர்டன் ஹார்ட்மன், பழைய கல்குவாரி ஒன்றில் இதை அமைத்து 2010இல் திறந்தார். விடுமுறை சென்ற இடத்தில், நீச்சல் குளத்தில் இருந்த பிள்ளைகளோடு விளையாட அவர் மகள் மோர்கன் ஆசையாக நெருங்கினாள். அவர்கள் விலகிப் போய்விட்டார்கள். அதிலிருந்துதான் இந்தப் பூங்காவின் எண்ணம் பிறந்தது. அறிவுத்திறன் குறைபாடும் உடற்குறைபாடும் உள்ள அந்த மகளின் பெயரையே பூங்காவுக்கு வைத்தார்.

குடைராட்டினத்தில் குதிரைகளுக்கு நடுவே சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றி நிறுத்தும் ரதங்கள் உண்டு. குதிரை ஏறி இறங்கும்போது ரதமும் ஏறி இறங்குகிறது. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் நிலை இல்லை. தொட்டும் கேட்டும் இயக்கியும் விளையாட உள்ளரங்கு ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

2017இல் நீர்ப்பூங்காவும் சேர்ந்தது. நீரில் நனைந்தால் மின்கலத்தில் ஓடும் சக்கர நாற்காலி பழுதாகிவிடும் அல்லவா? அதற்காகப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அழுத்தக் காற்றில் ஓடும் நாற்காலியை உருவாக்கினார்கள். குளிர்ச்சி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெதுவெதுப்பான நீரும் உண்டு. இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் இந்தப் பூங்காவின் அருமை தெரிகிறது.

இந்தப் பூங்காவை நடத்தும் அமைப்பின் மோர்கன்ஸ் கேம்ப் 2021இல் தொடங்கியது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள், தங்கள் உடன்பிறப்புகளையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டே இந்தக் கோடை முகாமுக்கு வரலாம்.