குளிர் பிளாஸ்மாவும் தோல் புற்றுநோயும்

மின்னழுத்தத்தால் அயனியாகியும் கை சுடாத வாயுவே குளிர் பிளாஸ்மா. எரியும் டியூப்லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். 1928இல் இப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்க வேதியியலர் இர்விங் லாங்மியூர். ரத்தப் பிளாஸ்மாவோடு இதற்குப் பெயரளவு உறவே உண்டு. இதைக் கொண்டு சிகிச்சை அளிக்கும் கருவியின் வேர் இன்னும் பழையது. 1857இல் ஜெர்மனியின் வெர்னர் ஃபான் சீமென்ஸ், ஓசோன் தயாரிப்பதற்காக மின்வாய்களுக்கு நடுவே கண்ணாடியைத் தடுப்பாக வைத்து மின்னிறக்கம் நிகழ்த்தினார். கண்ணாடி குறுக்கே நிற்பதால் மின்சாரம் ஒரே பொறியாகப் பாயாமல் மெல்லிழைகளாகச் சிதறுகிறது, வாயு கொதிப்பதில்லை. சரியாக 150 ஆண்டுகள் கழித்து, 2007இல், பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகக் குழு மெலனோமா எனும் தோல் புற்றுச் செல்கள்மீது செலுத்தியதும் இதே வகை மின்னிறக்கம்தான். அளவு குறைவாக இருந்தபோது செல்கள் வெந்து சாகவில்லை. பல மணி நேரம் கழித்துத் தம்மைத் தாமே அழித்துக்கொண்டன.

பிளாஸ்மாவைக் கதிர்வீச்சின் தம்பிபோலப் பேசுவது வழக்கம். அதை மருந்தாகக் கருதுவதே பொருந்தும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வில், பிளாஸ்மா பட்ட வளர்ப்புத் திரவத்தை மட்டும் ஊற்றியபோதும் மூளைப் புற்றுச் செல்கள் மடிந்தன. ஒளிக்கீற்று அங்கே இல்லை. திரவத்தில் தங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய வினைப்பொருள்களே வேலையைச் செய்தன. பிளாஸ்மா நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லை மட்டும் கொல்கிறதே, அது மருந்துக்கு முடியுமா என்று கேட்கலாம். புற்றுச் செல் ஏற்கெனவே ஆக்சிஜனேற்றச் சுமையோடு திணறுகிறது. சற்றே கூடினாலும் தாங்காது. அளவை மேலும் ஏற்றினால் நல்ல செல்லும் சாகும். ஆகவே தேர்ந்து கொல்லும் திறன் பிளாஸ்மாவிடம் இல்லை, அளவில் இருக்கிறது. அந்த அளவைக் குறிக்க எல்லோரும் ஏற்ற அலகோ இன்னும் இல்லை. வாயு, மின்னழுத்தம், கருவிக்கும் தோலுக்கும் உள்ள இடைவெளி, தோலின் ஈரம் என எது மாறினாலும் அளவு மாறிவிடும்.

மருந்தென்று கொண்டால் அதன் எல்லையும் விளங்கும். வினைப்பொருள்கள் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் செலவாகிவிடும். ஆழம் நோக்கி இறங்கும் மெலனோமாவுக்கு அது போதாது. பிளாஸ்மா நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டி ஆழத்துக் கட்டியையும் அழிக்கும் என்பார் உண்டு. எலிகளில் கிடைத்த அறிகுறியை நோயாளிக்கு வாக்குறுதியாகத் தர முடியாது. வெயில் பட்டுப் பட்டுத் தோலில் சொரசொரப்பாக எழும் ஆக்டினிக் கெரட்டோசிஸ் திட்டுகளே இதற்கு உகந்த இடம். புற்றாக மாறக்கூடிய இவை மேல்தோலிலேயே இருக்கும். நெற்றியிலும் வழுக்கைத் தலையிலும் கூட்டமாக வரும்போது ஒவ்வொன்றாக வெட்ட இயலாது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 5 பேரின் 17 திட்டுகளில் 9 முற்றிலும் மறைந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது.

ஆர்கான் வாயுவில் இயங்கும், பேனா போன்ற பிளாஸ்மாக் கருவி ஐரோப்பாவில் 2013 முதல் ஆறாத புண்களுக்குப் பயன்படுகிறது. முனையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நீலச்சுடர் தெரியும், விரலை நீட்டினாலும் சுடாது. ஆனால் பரவாத மெலனோமாவுக்கு முதல் சிகிச்சை இன்றும் அறுவைதான்.