பயன்படுத்திய நீரும் பிரித்தறியும் மரபும்: சென்னை நகர வீட்டுநீர் மறுபயன்பாடு குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குளித்த நீர், துணி துவைத்த நீர், கழிவறை நீர் ஆகியவற்றை இன்றைய நகரம் 'கழிவுநீர்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழர் வீடுகளில் இவை நெடுங்காலம் வெவ்வேறு பெயர்களோடும் வெவ்வேறு போக்கிடங்களோடும் விளங்கின. புதை சாக்கடையும் அதன் பின்னர் வந்த குழாய் அமைப்பு முறைகளும் இவ்வேறுபாட்டை எவ்வாறு அழித்தன என்பதைச் சென்னை நகர வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. நீர் மறுபயன்பாட்டின் தடை மக்களின் மனப்பான்மையில் மட்டும் இல்லை. சுவருக்குள் பதிக்கப்பட்ட குழாயிலும் உள்ளது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சாம்பல் நீர், புதை சாக்கடை, இருகுழாய் முறை, கழுநீர், சென்னைக் குடிநீர் வரலாறு.

முன்னுரை

வீட்டில் பயன்படுத்தப்பட்டு வெளியேறும் நீரில், கழிவறை நீர் நீங்கலாக எஞ்சியதைச் சூழலியலாளர் 'சாம்பல் நீர்' என்பர். குளியல், கைகழுவல், துணி துவைத்தல் ஆகியவற்றின் நீர் இதில் அடங்கும். எண்ணெயும் உணவுத் துணுக்கும் மிகுந்த சமையலறை நீரைச் சிலர் இதனுள் சேர்ப்பர், சிலர் விலக்குவர். இந்நீரைத் தூய்மைப்படுத்தித் தோட்டத்திற்கும் கழிவறைக்கும் பயன்படுத்துதல் இன்று புதிய தொழில்நுட்பமாக அறிமுகப்படுத்தப்படுகிறது. ஆயினும் பிரித்தறிதல் என்னும் அதன் அடிப்படை தமிழ்ச் சமூகத்திற்குப் புதியதன்று. இருந்த ஒன்று எப்போது, எதனால் மறைந்தது என்பதே இங்கு எழும் வரலாற்று வினா.

இலக்கியமும் சொல்லும் காட்டும் வேறுபாடு

மணிமேகலையின் கச்சிமாநகர் புக்க காதை வஞ்சி நகரின் அகழியை வருணிக்கிறது. வீட்டு மகளிர் கூந்தல் கழுவிய நறுமண நீர் நிலத்தடி வழியாகிய சுருங்கையின் மூலம் அகழியை அடைவதாகவும், வேறு பல இடங்களில் பயன்பட்ட மணநீரும் அதனுடன் கலப்பதால் அங்கு வாழும் முதலையும் மீனும் தம் புலால் நாற்றம் நீங்குவதாகவும் அப்பகுதி கூறுகிறது. இது கவிஞரின் உயர்வுநவிற்சி. பொறியியல் ஆவணம் அன்று. எனினும் குளியல் நீருக்கெனத் தூம்பும், அது சென்று சேர ஓரிடமும் உண்டு என்னும் கருத்து அக்காலப் புலவருக்கு இயல்பாக இருந்தமையை இதனால் அறியமுடிகிறது. பட்டினப்பாலை, சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடுவதை வளத்தின் அடையாளமாகவே காட்டுகிறது. இவற்றிற்கு மாறாக, அவையறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறள் (720) 'அங்கணம்' என்னும் சொல்லைத் தூய்மையற்ற இடத்திற்கு ஆள்கிறது. வெளியேறும் நீர் அனைத்தும் ஒரே தன்மையது என இவ்விலக்கியங்கள் கருதவில்லை.

பிற்கால வழக்கிலும் இவ்வேறுபாடு தொடர்ந்தது. அரிசி களைந்த நீர் 'கழுநீர்', அது மாட்டுக்குரியது. மிஞ்சிய கஞ்சியோடு கழுநீர்ப் பானையில் சேர்ந்து தொழுவத்தின் தொட்டிக்குச் சென்றது. கிணற்றடியில் குளித்த நீரும் துவைகல்லிலிருந்து வழிந்த நீரும் கொல்லையிலிருந்த வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தன. முற்றத்தில் விழுந்த மழைநீர் தனி வழியில் வெளியேறியது. சில வீடுகளில் அண்டாக்களில் பிடிக்கப்பட்டது. ஒவ்வொரு நீருக்கும் ஒரு பெயர், ஒரு போக்கிடம் என்பதே இம்முறையின் சாரம்.

இம்மரபைப் போற்றும்போது அதன் மறுபக்கத்தை மறைத்தல் வரலாற்று நேர்மை ஆகாது. மனிதக் கழிவு வீட்டுநீரோடு கலக்காமல் இருந்ததற்கு நீர் பற்றிய அறிவு மட்டும் காரணமன்று. உலர் கழிப்பிடக் கழிவைச் சாதியின் பெயரால் சிலர் மீது சுமத்திக் கையால் அள்ளச் செய்தமையும் காரணம். அக்கொடுமையை ஒழிக்க 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் நடுவண் சட்டங்கள் இயற்றப்பட வேண்டியிருந்தது. அவ்வாறே கழுநீரைச் சேர்த்து வைத்தல், நீரைச் சுமந்து ஊற்றுதல் ஆகியன பெரும்பாலும் பெண்களின் கூலியற்ற உழைப்பாகவே அமைந்தன. எனவே பழைய வீட்டிற்குத் திரும்புதல் தீர்வாகாது. அதன் பிரித்தறியும் கொள்கையை அதன் சமூக அநீதியிலிருந்து பிரித்தெடுப்பதே தேவை.

சென்னையில் குழாயும் சாக்கடையும்

சென்னையின் நகர்சார் குடிநீர் முயற்சிகளில் முந்தையது 1772இல் தொடங்கிய ஏழுகிணறுத் திட்டமாகும். அது கோட்டையின் தேவையை முதன்மையாகக் கொண்டது. நகர மக்களில் மிகப் பலர் வீட்டுக் கிணற்றையும் கோயிற்குளத்தையும் நம்பியிருந்தனர். 1872இல் புழல் ஏரி நீர் கால்வாய் வழியாக நகருக்குக் கொண்டுவரப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறப்புப் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லியின் காலத்தில் நீர் வழங்கலும் வடிகாலும் விரிவான திட்டங்களாயின. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் செயற்பாட்டிற்கு வந்தது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் இரு பணிகளையும் ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்தது.

புதை சாக்கடை நகரின் பொதுச் சுகாதாரத்திற்குப் பெருநன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. நீரால் பரவும் நோய்கள் குறைந்ததில் அதற்குப் பங்குண்டு. ஆனால் அது நீரைக் கேட்கும் அமைப்பு. திடப்பொருள் தேங்காமல் செல்ல வேண்டுமாயின் குழாயில் போதிய நீர் ஓட வேண்டும். நடுவண் அரசின் நீர் வழங்கல் கையேடு, புதை சாக்கடை இல்லாத நகரங்களுக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டரும், அது உள்ள நகரங்களுக்கு 135 லிட்டரும், பெருநகரங்களுக்கு 150 லிட்டரும் வழங்கப் பரிந்துரைத்தது. சாக்கடை அமைந்தவுடன் நீர்த்தேவை ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதை இவ்வளவுகளே காட்டுகின்றன. கூடுதலாக வரும் நீரில் ஒரு பகுதியின் பணி, கழிவைச் சுமந்து செல்வதே.

இருகுழாயிலிருந்து ஒரு குழாய்க்கு

வேறுபாடு மறைந்த இடம் தெருச் சாக்கடை மட்டுமன்று. வீட்டின் சுவரும் ஆகும். கட்டடக் குழாயமைப்பில் 'இருகுழாய் முறை' என ஒன்றுண்டு. இதில் கழிவறை நீருக்கு ஒரு குழாயும், குளியலறை, கைகழுவுமிடம், சமையலறை ஆகியவற்றின் நீருக்கு மற்றொரு குழாயும் தனித்தனியே இறங்கும். இரண்டாவது குழாய், நீர் தேங்கி நின்று நாற்றவாயுவைத் தடுக்கும் சிறு தொட்டியில் முடிந்து, அதன்பின்னரே சாக்கடையோடு இணையும். சாக்கடை வாயு வீட்டிற்குள் வராமல் காப்பதே இதன் நோக்கம். நீர்ச் சேமிப்பு அன்று. ஆயினும் அதன் விளைவாகப் புழங்கிய நீர் வீட்டெல்லை வரை பிரிந்தே சென்றது.

அடுக்குமாடிக் கட்டடங்கள் பெருகியபோது இடத்தையும் செலவையும் குறைக்க இருவகை நீரையும் ஒரே நெடுங்குழாயில் இறக்கும் முறைகள் பரவின. இது சுகாதார நோக்கில் பிழையன்று. உரிய தடுப்புகளுடன் அமைந்தால் அது பாதுகாப்பானதே. எனினும் ஒரு முறை கலந்த நீரை மீண்டும் பிரிக்க இயலாது. கலந்தபின் எஞ்சும் வழி முழுச் சுத்திகரிப்பு ஒன்றே. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் செயற்பாட்டிற்கு வந்தன. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் குளித்த நீர் செடிக்குப் பாய இத்தகைய பெரும் முதலீடு வேண்டியதில்லை.

மழைநீரும் சாம்பல் நீரும்: ஓர் ஒப்பீடு

2003–04ஆம் ஆண்டுகளின் வறட்சியில் சென்னையின் ஏரிகள் வற்றி, குழாய்வழி நீர் வழங்கல் பெரிதும் முடங்கி, நகரம் லாரி நீரை நம்பியது. 2003 ஜூலையில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டத்தின் மூலம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. குறித்த காலத்திற்குள் அமைக்கத் தவறினால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் இடமளிக்கப்பட்டது. குறுகிய காலத்தில் பல இலட்சம் கட்டடங்களில் அமைப்புகள் தோன்றின.

அதே காலத்தில் சாம்பல் நீர் பற்றிய முயற்சியும் நிகழ்ந்தது. வேதியியலறிஞர் இந்துகாந்த் ராகடே, குளியல், துவைத்தல் நீரைக் கல்வாழை நட்ட பாத்தியில் பாய்ச்சி மண்ணில் இறக்கும் எளிய முறையைச் சென்னைக் குடியிருப்புகளில் பரப்பினார். கல்வாழையின் வேர்ப்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள் சோப்பின் கரிமப் பொருளைச் சிதைக்கின்றன. மண் வடிகட்டியாகச் செயற்படுகிறது. நீர் நிலத்தடிக்குச் செல்கிறது. பின்னர் வந்த கட்டட விதிகளிலும் கழிவறை நீரையும் பிற நீரையும் பிரிப்பது பற்றிய கருத்து இடம்பெற்றது. எனினும் மழைநீர் சேகரிப்பு அடைந்த பரவலைச் சாம்பல் நீர் மறுபயன்பாடு அடையவில்லை.

இதற்கு அருவருப்பு உணர்வை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் சுவரின் வெளிப்புறத்தில் இறங்குவது. அதைக் கிணற்றுக்கோ கசிவுக்குழிக்கோ திருப்புதல் ஓரிரு நாள் வேலை. சாம்பல் நீர்க் குழாய் தரைக்குள்ளும் சுவருக்குள்ளும் இருப்பது. ஒரே குழாய் உள்ள வீட்டில் அதைப் பிரிக்கத் தளத்தை உடைக்க வேண்டும். ஆகவே மழைநீர் சேகரிப்பைக் கட்டி முடித்த வீட்டிலும் சட்டத்தால் புகுத்த முடிந்தது. சாம்பல் நீர் மறுபயன்பாட்டை வரைபட நிலையிலேயே புகுத்த வேண்டும். இருகுழாய் முறையில் அமைந்த பழைய வீடுகள் இன்றும் எளிதில் மாற்றத்திற்கு இடந்தரும் என்பது இங்கு கருதத்தக்கது.

அளவும் எல்லையும்

இந்தியப் பொறியியல் நூல்களில் வழங்கும் 135 லிட்டர்ப் பகுப்பின்படி ஒருவருக்குக் குளிக்க 55, துணி துவைக்க 20, கழிவறைக்கு 30, வீடு கழுவ 10, பாத்திரம் கழுவ 10, சமையலுக்கு 5, குடிக்க 5 லிட்டர் எனக் கணக்கிடப்படும். நால்வர் குடும்பத்தில் குளியலும் துவைத்தலும் சேர்ந்து 300 லிட்டர். கழிவறைத் தேவை 120 லிட்டர். குளியல், துவைத்தல் நீரில் பாதிக்கும் குறைவானதே கழிவறைத் தேவை முழுவதையும் நிறைவு செய்யும். எஞ்சிய 180 லிட்டர் செடிக்கும் மண்ணுக்கும் உரியது. கழிவறையில் நல்ல நீரை ஊற்றுவதைத் தவிர்த்தாலே அக்குடும்பத்தின் தேவையில் இருபது விழுக்காட்டிற்கு மேல் குறையும்.

இதற்கு எல்லைகளும் உண்டு. சாம்பல் நீர் தூய நீர் அன்று; குளியல் நீரில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் அது அழுகி நாற்றமெடுக்கும். சலவைத்தூளின் சோடியம் தொடர்ந்து பாய்ந்தால் களிமண் இறுகும். பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்க்கும் இந்நீர் ஏற்றதன்று. கழிவறைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டுமாயின் வடிகட்டலும் கிருமிநீக்கமும், குடிநீரோடு கலவாத தனிக்குழாயும் கட்டாயம்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் மீண்டும் வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவரப்பட்டது. அந்நாட்களில் துவைத்த நீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுவது வழக்கமாயிற்று. அவ்வகையில் பழைய பிரித்தறிதல் மீண்டது; சுமக்கும் உழைப்பும் உடன் மீண்டது. மழை பெய்ததும் வாளி விலக, நீர் மீண்டும் ஒரே குழாயில் சென்றது. நெருக்கடி கற்பித்த பழக்கம் கட்டடத்தில் பதியவில்லை.

முடிவுரை

ஊர்ப்புறங்களில் தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டம் (2020–21 முதல்) சாம்பல் நீரைத் தனி வகையாகக் கருதி உறிஞ்சு குழிகளை ஊக்குவிக்கிறது. அங்கு இது இயல்வதற்குக் காரணம், பல ஊர்களில் புதை சாக்கடை இன்னும் வராததே. சிறு நகரங்கள் பல இப்போதுதான் புதை சாக்கடைத் திட்டங்களைப் பெறுகின்றன. சென்னையின் அனுபவம் அவற்றிற்கு ஒரு பாடம். கழிவறை நீர் மனிதக் கை படாமல் மூடிய குழாயில் செல்ல வேண்டும். அதில் பின்வாங்க இடமில்லை. ஆனால் குளித்த நீரும் அதே குழாயில் செல்ல வேண்டிய கட்டாயமில்லை. வீடு கட்டும் நாளில் கூடுதலாக ஒரு குழாய் பதிப்பதற்கு ஆகும் செலவு சிறிது. அதைத் தவிர்த்தால் அக்கட்டடம் நிற்கும் காலமெல்லாம் நீர் வீணாகும். மறுபயன்பாடு பற்றிய சட்டமும் பரப்புரையும் குடியிருப்போரை மட்டும் நோக்காமல், வரைபடம் வரைவோரையும் அதற்கு ஒப்புதல் வழங்குவோரையும் முதன்மையாக நோக்க வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிவாகும்.