அரிதாரமும் சான்றிதழும்: கிருஷ்ணகிரிப் பகுதியில் குழந்தைகள் கண்ட அச்சக் காட்சிகள்

அச்சமூட்டும் மாயக்கதைப் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்னும் வினா திரைப்படத்தோடு பிறந்ததுபோல இன்று பேசப்பட்டாலும், போச்சம்பள்ளி வட்டத்து நாகரசம்பட்டியைச் சூழ்ந்த நிலப்பகுதியில் அரக்கனையும் பேயையும் இரத்தத்தையும் பிள்ளைகளின் கண்முன் நிறுத்தும் வழக்கம் வெள்ளித்திரைக்கு மிகவும் முந்தையது. தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் பாரதக் கூத்தும் நடக்கின்றன. பகாசுரன் வதத்தன்று சோற்று வண்டியின் பின்னே ஓடுவோர் பெரும்பாலும் சிறுவர்களே. இறுதி நாளில், மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் உருவத்தின் தொடை பிளக்கப்பட்டுச் செந்நீர் வழிவதும், திரௌபதி அதனைக் கூந்தலில் பூசி முடிவதுமாகிய ‘படுகளம்’ என்னும் சடங்கையும் அவர்கள் பெரியோரின் தோளில் அமர்ந்து பார்க்கின்றனர்.

கூத்தில் முன்வரிசை பிள்ளைகளுக்கு உரியது. வேடம் கட்டும் இடம் ஆடுகளத்தை ஒட்டியே ஒரு கீற்று மறைப்புக்குள் இருப்பதால், சற்று முன்வரை தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவரின் முகத்தில் அரிதாரம் எனப்படும் வண்ணப்பூச்சு ஏறுவதையும், புருவத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக விழுவதையும், கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் ஆகிய மர அணிகள் கயிற்றால் இறுக்கப்படுவதையும் இடுக்கு வழியே அவர்கள் எட்டிப் பார்த்துவிடுவதுண்டு. இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டே துரியோதனன் வெளிப்படும்போது, கட்டியங்காரன் எனப்படும் கோமாளி அவனை வழிமறித்து, நீ யார், எந்த நாடு என்று கேட்டுக் கேலி பேசுவான். உறுமும் மன்னனுக்கும் நடுங்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு சிரிப்பைச் செருகுவது அவன் பணிகளில் ஒன்று. அதற்கென்றே ஒரு பாத்திரத்தை மேடையில் நிறுத்திய மரபு, குழந்தையின் அச்சத்தை அறியாத மரபாக இருக்க இயலாது.

எல்லாக் காட்சிகளும் இவ்வாறு சிரிப்பால் தணிக்கப்பட்டவை அல்ல. மகா சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் காவேரிப்பட்டணத்தில் நடைபெறும் மயானக் கொள்ளை, அதாவது அங்காளம்மன் சுடுகாட்டுக்குச் சென்று சூறையாடுவதாகக் கொள்ளப்படும் விழா, காளி வேடமிட்டோர் எலும்பைக் கவ்வியும் உயிர்க்கோழியைக் கடித்தும் ஆடிச்செல்லும் கடுமையான காட்சியாகும். இதற்கு வயது வரம்பில்லை. வீறிட்டு அழும் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளப் பாட்டியோ மாமனோ அருகில் இருப்பர் என்பதே இருந்த ஒரே காப்பு. பழைமையானது என்பதாலேயே இதனைப் பிள்ளைகளுக்கு ஏற்றது எனக் கொள்வதற்கில்லை.

ஊர் ஊராகப் பெயர்ந்து கொட்டகை போடும் திரையரங்கான டூரிங் டாக்கீஸ் வந்தபோது, கூத்தின் கூட்டம் ஏறத்தாழ அப்படியே மணல் தரைக்கு இடம் மாறியது. ‘பாதாள பைரவி’யில் (1951) எஸ். வி. ரங்காராவ் ஏற்ற மந்திரவாதியும், பி. விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’யில் (1978) வந்த பேய்களும் ஒரு தலைமுறையையே போர்வைக்குள் ஒடுங்கவைத்தவர்கள். உடுப்பியில் பிறந்து, கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் புகழடைந்த விட்டலாச்சார்யாவின் படங்களுக்கு, அவ்விரண்டோடு தமிழும் கலந்து புழங்கும் இந்த எல்லைப்பகுதி அயலாக இருந்திருக்க முடியாது. கொட்டகையில் பெரும்பாலும் ஒரே படவீழ்த்திக் கருவி இருந்தமையால், ஒவ்வொரு சுருள் முடியும்போதும் விளக்கு எரிந்தது, முறுக்கு விற்பவர் வந்தார், பேய் காத்திருந்தது. வறுமையால் நேர்ந்த அந்த இடைவேளை, கட்டியங்காரனின் வேலையைத் தற்செயலாகச் செய்துவந்தது எனலாம்.

சட்டமோ பிள்ளையின் அருகிருக்கும் பெரியோரின் துணையைக் கணக்கில் கொள்ளாமல் வயதிலிருந்து தொடங்கியது. 1918ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் 1920இல் சென்னையிலும் தணிக்கைக் குழு அமைந்தது. வயதுவந்தோருக்கு மட்டுமான ‘ஏ’, அனைவருக்குமான ‘யு’ என்னும் பிரிவுகள் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தன. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் மாயக்கதைப் படத்துக்கு நெடுங்காலம் இடமில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்னும் ‘யுஏ’ 1983இல்தான் தோன்றியது. அமெரிக்காவும் இதில் முந்திவிடவில்லை: ‘கிரெம்லின்ஸ்’, ‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாம் படம் ஆகியவற்றைக் கண்டு பெற்றோர் முறையிட்ட பின்னரே, 1984இல் அங்கு ‘பிஜி-13’ பிரிவு ஏற்பட்டது. அதே ஆண்டில் கேரளத்திலிருந்து வந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’, மந்திரவாதியிடம் சிக்கிய பேயைக் குழந்தைகளே விடுவிப்பதாகக் கதை சொன்னது. குழந்தையின் அச்சத்தை உணர்ந்து கையாண்ட வகையில் அதுவே மேலான விடை.

இந்தியத் திரைப்படச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் ‘யுஏ’வை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதுகளை எல்லையாகக் கொண்ட மூன்று பிரிவுகளாக்கியது. அந்த வயதுக் குறிப்பு பெற்றோருக்கும் பாதுகாவலருக்குமான வழிகாட்டுதல் மட்டுமே. அவர்களைத் தவிர வேறெவரும் அதனை நடைமுறைப்படுத்த இயலாது என்று அச்சட்டமே கூறுகிறது.