1916-ல ஒரு குரூப் ப்ராஜெக்ட்: ஸ்லேட்டர் கிராமங்களும் நம்ம செங்கல்பட்டும்

பி.பி.ஏ., பி.காம். படிக்கிற நிறைய பேர் நம்ம பாட்காஸ்ட்டைக் கேக்குறீங்க. இன்னைக்கு எபிசோடு உங்களுக்குத்தான்.

குரூப் ப்ராஜெக்ட்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஒருத்தர் உக்காந்து டைப் அடிப்பார், ஒருத்தர் பைண்டிங் கடைக்கு ஓடுவார், மீதி மூணு பேர் முதல் பக்கத்துல பேரைப் போட்டுக்குவாங்க. மார்க் வந்ததும் அந்த ரிப்போர்ட் டிபார்ட்மென்ட் பீரோவுக்குள்ள போயிடும். ஆனா மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாணவர்கள் 1916-ல செஞ்ச ஒரு ப்ராஜெக்ட்டை நூறு வருஷமா ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பத் திறந்து பாத்துட்டு இருக்காங்க.

அதுக்குப் பின்னால இருந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்துக்காரர். உழைக்கிற மக்கள் படிக்கிறதுக்காக ஆக்ஸ்ஃபோர்டுல ஆரம்பிச்ச ரஸ்கின் கல்லூரியோட முதல்வரா இருந்தவர். இங்கிலாந்து விவசாயிகள்கிட்ட இருந்து பொதுநிலம் எப்படிப் பறிபோச்சுன்னு 1907-லயே புத்தகம் எழுதியிருந்தார். மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1857-ல தொடங்கினாலும் ரொம்ப காலம் பரீட்சை நடத்துறதுதான் அதோட முக்கிய வேலை. 1904 சட்டத்துக்கு அப்புறம்தான் சொந்தமா பேராசிரியர்களை வெச்சுக்க வழி பிறந்தது. அப்படி இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியரா 1915-ல ஸ்லேட்டர் இங்க வந்தார்.

வந்தவருக்கு ஒரு சிக்கல். பாடப்புத்தகம் முழுக்க இங்கிலாந்து. முன்னால உக்காந்திருக்கிற பசங்க நெல்லும் கேழ்வரகும் விளையிற ஊர்க்காரங்க. அதனால அவர் ஒரு கேள்விப் பட்டியலைத் தயார் பண்ணி, லீவுக்கு ஊருக்குப் போகும்போது பதில் வாங்கிட்டு வாங்கன்னு மாணவர்கள்கிட்ட கொடுத்தார். ஊர்ல எவ்வளவு நிலம், யார்கிட்ட இருக்கு, குத்தகை எப்படி, கூலி பணமா நெல்லா, கடன் யார்கிட்ட வாங்குறாங்க, என்ன சாப்பிடுறாங்க. இப்படிப் போகும் கேள்விகள்.

வந்த அறிக்கைகளைத் தொகுத்து 1918-ல ‘சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்’னு ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் வெளியிட்டது. அதுல இருக்கிற அஞ்சு தமிழ் ஊர்கள்தான் அப்புறம் ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’னு பேர் வாங்கிச்சு: சிவகாசிப் பக்கம் வடமலைபுரம், திருநெல்வேலிக்கு வடக்க கங்கைகொண்டான், நாகப்பட்டினம் மாவட்டத்துல பாலக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்துல இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல தூசி.

நான் சாஃப்ட்வேர் என்ஜினியர், அதனால எனக்கு இது இப்படித்தான் புரியுது. வெவ்வேற ஊர்ல, வெவ்வேற ஆட்கள், ஒரே ஸ்கீமாவுல டேட்டா எடுத்திருக்காங்க. எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டதாலதான் தூசியையும் வடமலைபுரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்க முடியுது. ஒருத்தர் தனியா எவ்வளவு அழகா ஒரு ஊரைப் பத்தி எழுதினாலும் இது நடக்காது. குழுவா வேலை செய்யறதோட உண்மையான பலன் வேலையைப் பங்கு போட்டுக்கிறதுல இல்ல, ஒப்பிட முடியறதுலதான் இருக்கு.

இன்னொரு பலனும் இருந்தது. கேள்வி எழுதி வெச்சிருந்ததால, பின்னால வந்தவங்க அதே ஊருக்குத் திரும்பிப் போக முடிஞ்சது. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37-ல போனாங்க. 1960-கள்ல மார்கரெட் ஹாஸ்வெல் இந்த ஊர்களைப் பத்தி எழுதினார். 1980-கள்ல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து எஸ். குஹனும் மத்தவங்களும் போனாங்க. 2008-ல ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூணு பேரும் இருவேல்பட்டுக்குப் போனாங்க. வெர்ஷன் ஒண்ணுல இருந்து வெர்ஷன் அஞ்சு வரைக்கும் கையில இருக்குன்னு வெச்சுக்கோங்க.

அதனால என்ன தெரிஞ்சது? 1916-ல இருவேல்பட்டுல தலித் குடும்பங்கள் பண்ணையாட்களா, கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தாங்க. 2008-ல அந்தப் ‘படியாள்’ முறை இல்ல. பெரிய பண்ணையோட பிடி தளர்ந்திருந்தது, விவசாயத்துக்கு வெளியில வேலைக்குப் போறவங்க பெருகியிருந்தாங்க. ‘அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையா இருந்தாங்க’ன்னு யாராவது ஆரம்பிச்சா, பதில் சொல்றதுக்கு நம்மகிட்ட அந்தப் பசங்களோட நோட்டு இருக்கு.

ஆனா அந்த நோட்டையும் கண்ணை மூடிட்டு நம்பிடக் கூடாது. 1916-ல காலேஜ் வரைக்கும் வந்தது யாரு? அதே வருஷம் டிசம்பர்ல வந்த பிராமணரல்லாதார் அறிக்கை கேட்டதும் இதைத்தானே. அப்போ படிப்பு சில சாதிகளோட கையில இருந்தது. மேல்தெருவுல இருந்து வர்ற தம்பிகிட்ட, தன்னோட கடன் எவ்வளவு, சோறு எத்தனை வேளைன்னு ஒரு பண்ணையாள் எந்த அளவுக்கு மனசு விட்டுச் சொல்லியிருப்பார்? சொந்த ஊர்ங்கிறதால கதவு திறக்கும், அதே காரணத்தால சில வாய் மூடிக்கும். டேட்டாவைப் பாக்கும்போது, எடுத்தது யாருங்கிறதையும் சேத்துத்தான் பாக்கணும்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். தூசி பாலாத்துக்குத் தென்கரைப் பக்கம். அந்த ஆத்தோடயே கிழக்க இறங்கினா செங்கல்பட்டு, அப்புறம் மாமல்லபுரத்துக்குத் தெற்க கடல். இந்தச் செங்கல்பட்டுச் சீமையிலயும் ஒரு பெரிய சர்வே நடந்திருக்கு, ஸ்லேட்டருக்கு 150 வருஷம் முன்னாடி. 1763-ல ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியை ஜாகீரா கம்பெனிக்குக் கொடுத்தார். 1767-ல இருந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுங்கிற கம்பெனி என்ஜினியர் இங்க ஊர் ஊரா கணக்கு எடுத்தார். கிட்டத்தட்ட 2,000 ஊர். எத்தனை வீடு, யார் என்ன தொழில், ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, விளைச்சல்ல கோயிலுக்கு எவ்வளவு, வண்ணாருக்கு எவ்வளவு, காவல்காரருக்கு எவ்வளவு.

அதுவும் குழு வேலைதான். ஊர்க் கணக்கப்பிள்ளைகள் தமிழ்ல ஓலையில எழுதினாங்க. பேர் மட்டும் பர்னார்டுக்குப் போச்சு. பைண்டிங் கடைக்கு ஓடினவனோட கதை அப்பவே ஆரம்பிச்சிருச்சு போல!

ரெண்டு சர்வேக்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நோக்கம்தான் வேற. கம்பெனிக்கு எவ்வளவு வசூல் பண்ணலாம்னு தெரியணும். ஸ்லேட்டரோட வகுப்புக்கு ஜனங்க எப்படி வாழறாங்கன்னு தெரியணும். வரிக்காக எழுதின ஓலையையும் பின்னாடி வேற நோக்கத்தோட படிச்சாங்க. அறிஞர் தரம்பால் இந்த ஆவணங்களோட மதிப்பை எடுத்துச் சொன்னார். அப்புறம் சென்னையில இருக்கிற கொள்கை ஆய்வு மையம் 2001-ல திருப்போரூர், வடக்குப்பட்டு ரெண்டு ஊரோட ஓலைக் கணக்கையும் புத்தகமாவே போட்டது.

திருப்போரூர்! ஓ.எம்.ஆர்.ல பஸ் ஏறினா போயிடலாம். அந்த ஊருக்கு வெர்ஷன் ஒண்ணு ரெடியா இருக்கு. அன்னைக்கு ஏரி, நஞ்சைன்னு எழுதின இடத்துல இன்னைக்கு என்ன இருக்கு? நிலத்தை வித்தவங்க இப்போ என்ன வேலை பாக்குறாங்க? அபார்ட்மென்ட்டுக்குக் காவல் நிக்கிறவர் எந்த ஊர்ல இருந்து வந்தார்? கோவளத்துல இருந்து மாமல்லபுரம் வரைக்கும் இருக்கிற மீனவக் குப்பங்கள்லயும் இதே மாதிரி கேக்கலாம். நிலத்தோட விலை ஏறுற வேகத்துக்கு, இன்னும் பத்து வருஷத்துல இதுக்கெல்லாம் பதில் சொல்ல ஆள் இருக்காது.

அஞ்சு பேர் டீம், ஒரு செமஸ்டர், இருபது கேள்வி போதும். குழுவுல எல்லாரும் ஒரே தெரு, ஒரே சாதியா இல்லாம பாத்துக்கோங்க. யார் எந்த வீட்டுல கேட்டாங்கன்னு எழுதி வைங்க. முக்கியமா, கேள்வித்தாளையும் ரிப்போர்ட்டோட சேத்தே பைண்ட் பண்ணுங்க. 2050-ல யாரோ ஒரு தம்பியோ தங்கச்சியோ அதே தெருவுல அதே கேள்வியைக் கேக்க அது உதவும்.

அடுத்த எபிசோடுல பாப்போம்.