செகண்ட் ஹேண்ட் லாரி வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கிளீனராக வண்டியேறி, டிரைவராகி, பிறகு சொந்த லாரிக்கு ஓனர் ஆனவர்கள் நிறைய பேர். புது வண்டிக்கு முன்பணம் புரட்ட முடியாதவர்களுக்கு செகண்ட் ஹேண்ட் லாரிதான் வழி. வீட்டு நகையை அடகு வைத்து வாங்கும் வண்டி என்றால், இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் பேப்பரைப் பார்ப்பது நல்லது.

வண்டிக்கு என்ன வயசு?

வெளிமாநிலங்களுக்கு லோடு ஏற்ற நேஷனல் பெர்மிட் வேண்டும். இரண்டு ஆக்சில் கொண்ட 6 வீல் லாரிக்கு 12 வயதுக்கு மேல் அது கிடையாது. மல்டி ஆக்சில் என்றால் 15 வயது வரை. 10 வயதான 6 வீல் வண்டியை 4 வருட டியூவில் எடுத்தால், கடைசி 2 வருடம் உள்ளூர் லோடை நம்பித்தான் டியூ கட்ட வேண்டும். "விலை ரொம்ப சல்லிசா இருக்கே" என்று தோன்றினால் முதலில் இதைக் கணக்குப் போடுங்கள்.

8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை இருக்கும் எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். டிங்கரிங், பெயிண்ட், பிரேக் வேலை என வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் வாடகை வராது.

பெயர் மாற்றாமல் ஓட்டலாமா?

கூடவே கூடாது. ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி பையில் வைத்துக்கொண்டு, பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டுவது பலருக்கும் பழக்கம். விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதனால் விற்பவருக்கும் இது ஆபத்துதான். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், அவர்களிடம் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-ம் வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வரி பாக்கி, இ-சலான் பாக்கியையும் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம்.

நின்றாலும் ஓடும் டியூ

மாதம் 45,000 ரூபாய் டியூ என்று வைத்துக்கொள்வோம். வண்டி நின்றாலும் ஓடினாலும் ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் போகிறது. லோடு இறக்க 2 நாள் காத்திருந்தால் 3,000 ரூபாய் காலி. புக்கிங் ஆபீஸில் வாடகை பேசும்போதே ஹால்டிங் பணத்தையும் பேசிவிட வேண்டும். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பினால், போகும்போது கிடைத்த லாபம் டீசலுக்கே சரியாகிவிடும்.

இந்த நெருக்கடியில்தான் ஓவர்லோடு ஆசை வருகிறது. 10 வீல் லாரிக்கு வண்டி எடையும் சேர்த்து 28.5 டன்தான் அனுமதி. மீறினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். பட்டை உடைவதும் டயர் வெடிப்பதும் தனிச் செலவு.

பராமரிப்பில் எங்கே மிச்சம்?

டீசலில். லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்த வண்டி 3.5-க்கு இறங்கினால், 1,000 கி.மீ.க்கு சுமார் 36 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். இன்றைய விலையில் 3,000 ரூபாய்க்கு மேல். காரணம் பெரும்பாலும் அடைத்த ஏர் ஃபில்டர், காற்று குறைந்த டயர், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் என சில்லறை விஷயங்கள்தான். டேங்க் ஃபுல் செய்யும்போதெல்லாம் கி.மீ.யைக் குறித்து வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

ரீபட்டன் டயரைப் பின்னால் போடலாம், முன்னால் வேண்டாம். பிஎஸ் 6 வண்டியில் விலை குறைவு என்று தரமில்லாத ஆட்ப்ளூ ஊற்றினால், சைலன்சர் பக்கம் உள்ள புகை சுத்திகரிப்பு அமைப்பே பழுதாகும். டயருக்கு என்று ஒவ்வொரு டிரிப்பிலும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பவர்கள், டயர் தேய்ந்ததும் வட்டிக்குக் கடன் கேட்டு நிற்பதில்லை.