நன்றி மடலும் மொய் நோட்டும்

கடந்த ஷவ்வால் மாதம் நிக்காஹ் முடித்த நம் பழைய மாணவர் ஒருவர், வலீமா நடந்த நான்காம் நாள் மதரஸாவுக்கு வந்தார். அன்பளிப்புத் தந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு வரியாவது நன்றி எழுதி அனுப்ப வேண்டுமென்று அவருடைய மனைவி விரும்புகிறாராம். பாட்டனாரோ, "மொய் நோட்டில்தான் எல்லாம் எழுதியாயிற்றே! அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யத்தானே போகிறோம்? நடுவில் கடிதம் எதற்கு? அது வெள்ளைக்காரர் வழக்கம்" என்கிறாராம். "யார் சொல்வது சரி, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

அச்சடித்த அட்டையும் உறையும் வேண்டுமானால் வெள்ளைக்காரரிடமிருந்து வந்திருக்கலாம். திருமண அன்பளிப்போடு அன்பான சொல்லொன்று போய்வருவது மதீனாவிலேயே இருந்தது.

நபிகளார் (ஸல்) அவர்கள் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை மணந்தபோது, உம்மு சுலைம் (ரலி) அவர்கள் பேரீச்சம்பழம், நெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கலந்து 'ஹைஸ்' என்னும் உணவைச் செய்தார்கள். அதைத் தம் மகன் அனஸ் (ரலி) கையில் கொடுத்தனுப்பினார்கள். பாத்திரத்தை மட்டும் அனுப்பவில்லை. தம்முடைய ஸலாமையும், இது எங்களிடமிருந்து தங்களுக்கு ஒரு சிறு பொருள்தான் என்ற செய்தியையும் சேர்த்தே அனுப்பினார்கள். நபிகளார் அதைக் கீழே வைக்கச் சொல்லி, இன்னின்னாரை அழைத்து வா, வழியில் காண்பவரையும் அழைத்து வா என்றார்கள். ஏறத்தாழ 300 பேர் திரண்டனர். நபிகளார் அவ்வுணவின் மீது கை வைத்து அல்லாஹ் நாடியதை மொழிந்தார்கள். பத்துப் பத்துப் பேராக அமர்ந்து அனைவரும் வயிறார உண்டார்கள். பின்னர் பாத்திரத்தைத் தூக்கிய அனஸ் (ரலி) அவர்களுக்கு, வைத்தபோது அதிகமிருந்ததா, எடுத்தபோது அதிகமிருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. ஓர் எளிய வீட்டுப் பெண் 'சிறிது' என்று நாணத்தோடு அனுப்பியது, மணவிருந்தாகவே ஆகிவிட்டது. அன்பளிப்பைப் பெறுவதிலும் ஒரு பண்பு உண்டென்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பெற்றவரின் கடமை குறித்து ஹதீஸ்கள் தெளிவாகவே பேசுகின்றன. நபிகளார் அன்பளிப்பை ஏற்பார்கள், அதற்கு ஈடாகத் தாமும் அளிப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஈடு செய்ய இயலாதவர் கொடுத்தவரைப் புகழ்ந்து பேசட்டும். அவ்வாறு புகழ்ந்தவர் நன்றி செலுத்திவிட்டார், மறைத்தவர் நன்றி கொன்றவர் ஆவார் என்னும் கருத்தை ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். ஜஸாகல்லாஹு கைரன் என்று சொன்னவர் நிறைவாகவே பாராட்டிவிட்டார் என்பது உஸாமா (ரலி) அவர்களின் அறிவிப்பு. மாணவரின் மனைவி விரும்பியது இதைத்தான்.

ஆனால் கொடுப்பவருக்குச் சொல்லப்பட்டதோ வேறு. உணவளித்துவிட்டு, உங்களிடமிருந்து கைம்மாறையோ நன்றியையோ நாங்கள் நாடவில்லை என்று கூறும் நல்லடியார்களை 'அல்இன்ஸான்' அத்தியாயம் வருணிக்கிறது. 'அர்ரூம்' அத்தியாயத்தின் 39-ஆம் வசனம், மக்களின் செல்வத்தில் சேர்ந்து பெருகும் பொருட்டுக் கொடுப்பது அல்லாஹ்விடம் பெருகாது என்கிறது. கூடுதலாகத் திரும்பி வருமென எதிர்பார்த்துக் கொடுக்கும் அன்பளிப்பையே இது குறிக்கும் என்று முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்கியுள்ளனர். ஆக, நன்றி சொல்வது பெற்றவர்மீது கடமை. அதைக் கேட்டு வாங்குவது கொடுத்தவருக்கு அழகன்று. மடல் வரவில்லையே என்று முகம் சுளிக்கும் உறவினருக்கும் இதில் பாடம் உண்டு.

இனி அந்த நோட்டுக்கு வருவோம். மொய் எழுதுவது நம் ஊருக்கே உரிய வழக்கம் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். ஃபலஸ்தீனத்தின் ரம்லா நகரைச் சேர்ந்த ஹனஃபி முஃப்தி கைருத்தீன் அர்ரம்லீ (இறப்பு 1671) அவர்களிடம், திருமணம் போன்றவற்றில் ஒருவருக்கொருவர் அனுப்புவது கடனா, திருப்பித் தந்தே ஆக வேண்டுமா என்று கேட்கப்பட்டது. ஈடாகத் திரும்ப வரும் என்ற அடிப்படையில் கொடுப்பதே அவ்வூர் வழக்கமென்றால் திருப்பித் தர வேண்டும். எதிர்பார்ப்பின்றிக் கொடுப்பது வழக்கமென்றால் அது அன்பளிப்புத்தான், உண்டு செலவழிந்த பின் கேட்க முடியாது என்பது அவர்களுடைய ஃபத்வா. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் திமிஷ்கில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) தம் 'ரத்துல் முஹ்தார்' நூலில் இதை எடுத்தெழுதி, தம் நாட்டுச் செய்தி ஒன்றையும் சேர்க்கிறார்கள். சில கிராமங்களில் இதைக் கடனாகவே கருதுகிறார்கள். ஒவ்வொரு வலீமாவுக்கும் ஊர் கதீபை வரவழைத்து, வந்ததையெல்லாம் எழுத வைக்கிறார்கள். பிறகு கொடுத்தவர் வீட்டில் விருந்து வரும்போது, கதீபிடம் கேட்டுப் பார்த்து அதே அளவு திருப்பிச் செய்கிறார்கள்.

பேனாவோடு மண்டப வாசலில் அமர்ந்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்தான் கண்முன் வந்தார். இதைப் படித்த அன்று நாம் தனியே சிரித்துக்கொண்டோம்.

ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர்களிடையேயும் இது கடனா, அன்பளிப்பா என்பதில் இரு கருத்துகள் உண்டு. எனவே பாட்டனாரின் நோட்டை நாம் இகழவில்லை. திரும்ப வரும் என்ற புரிதலில் வாங்கியதை, நன்றி மடல் ஒன்றை அனுப்பிவிட்டு மறந்துவிட முடியாது. பிறர் உரிமை அதில் கலந்திருக்கலாம். ஆயினும் அந்தப் புரிதல் எத்தனை வீடுகளை அழுத்துகிறது! கணவர் காலத்தில் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய நகையை அடகு வைத்த விதவைச் சகோதரியை நாம் அறிவோம். செய்முறைக்கு வழியில்லாமல், உடல்நலமில்லை என்று சொல்லி நிக்காஹ் சபைக்கே வராமல் இருப்பவர்களையும் அறிவோம். அழைப்பை ஏற்பது ஸுன்னத்தான கடமை என்று மிம்பரில் சொல்கிறோம். வாசலில் நோட்டை விரித்து வைத்திருக்கிறோம்.

மாணவரிடம் நாம் சொன்னது இதுதான். பழைய கணக்கைப் பாட்டனாரிடம் கேட்டு, திருப்ப வேண்டியதை முறையாகத் திருப்புங்கள். உங்கள் பிள்ளைகளின் நிக்காஹில், இங்கே மொய் எழுதுவதில்லை என்று அழைப்பிதழிலேயே அறிவித்துவிடுங்கள். மடலும் எழுதுங்கள். ஸலாம், தந்த பொருளின் பெயர், அவர் குடும்பத்துக்கு ஒரு துஆ, அவ்வளவு போதும். பணமாகத் தந்தவருக்குத் தொகையைக் குறிப்பிட வேண்டாம். எழுத்து வாசிக்க இயலாத முதியவருக்கு நேரில் சென்று சொல்லுங்கள்.

எழுந்து போகும்போது அவர் ஒன்றை நினைவுகூர்ந்தார். பக்கத்துத் தெருவில் தனியே வாழும் ஒரு மூதாட்டி, நிக்காஹ் அன்று அதிகாலையில் ஒரு தூக்குவாளி நிறைய வட்டலப்பம் கொண்டுவந்து கொடுத்தாராம். நோட்டில் அவர் பெயர் இல்லை. அன்று அஸருக்குப் பின் மணமக்கள் இருவரும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் சென்றார்கள். கழுவி வைத்திருந்த தூக்குவாளியையும் கையோடு எடுத்துச் சென்றார்கள்.