வாயால் எண்ணிய வகுப்பு: திண்ணைப் பள்ளியிலிருந்து துவாஸ் வரை மனக்கணக்கு விளையாட்டு

'வாய்பாடு' என்ற சொல்லிலேயே வாய் இருக்கிறது. கணக்கைத் தாளில் எழுதுவதற்கு முன்னால் வாயால் சொல்லிப் பழகிய சமூகம் நம்முடையது. இன்று நம் பிள்ளைகளில் பலர் கணக்கை ஆங்கிலத்தில்தான் போடுகிறார்கள். தமிழ் வகுப்பில் 'தொண்ணூற்றேழு' என்று சொல்லச் சொன்னால் ஒரு கணம் தயங்குகிறார்கள். இதைச் சரிசெய்ய என்ன வழி என்று தேடும் ஆசிரியர்களுக்குப் பழைய வரலாற்றில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. வாங்க, அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

திண்ணையில் ஒலித்த கணக்கு

18, 19ஆம் நூற்றாண்டுகளில் தமிழகத்து ஊர்களில் பிள்ளைகள் படித்தது திண்ணைப் பள்ளிகளில். கரும்பலகை கிடையாது, அச்சிட்ட பாடநூல் கிடையாது. மணலில் விரலால் எழுதுவார்கள். கொஞ்சம் தேறிய பிறகு ஓலை. கணக்குக்கு உரிய நூல் எண்சுவடி. அதில் முழு எண்கள், பின்னங்கள், நெல் அளவைகள், பெருக்கல் வாய்பாடுகள் எல்லாம் உண்டு. சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவர் ஒரு வரி சொல்ல, மற்ற பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குச் சட்டாம்பிள்ளை புதியவர் அல்ல.

இவர்கள் மனப்பாடம் செய்தது சும்மா கிளிப்பிள்ளைப் பாடமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பின்னங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 320இல் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி சேர்ந்தால் அரைக்காணி, அதாவது 160இல் ஒன்று. இரண்டு அரைக்காணி ஒரு காணி, 80இல் ஒன்று. நான்கு காணி ஒரு மா, 20இல் ஒன்று. ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் மாகாணி. 80இல் ஐந்து பங்கு, சுருக்கினால் 16இல் ஒன்று. இதையே வீசம் என்றும் சொல்வோம். பெயரைச் சொல்லும்போதே கூட்டலும் நடந்துவிடுகிறது பாருங்க!

நெல் அளவையும் இப்படித்தான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆக, ஒரு கலத்துக்கு 96 நாழி. இதை வாயால் சொல்லிப் பழகிய பிள்ளை, களத்துமேட்டில் யாரும் அளவில் ஏமாற்ற முடியாத ஆளாக வளர்ந்தது. திண்ணைப் பள்ளிக் கணக்கை ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு, அங்கே நினைவாற்றல் என்பது கற்றலின் ஒரு வழிமுறையாகவே இருந்தது என்று காட்டுகிறார்.

லண்டன் போன சட்டாம்பிள்ளை

1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் செய்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவியது. இன்று நாம் 'சகமாணவர் கற்றல்' என்று பயிலரங்கில் பேசுகிற விஷயத்துக்கு இப்படியும் ஒரு வேர் உண்டு.

திண்ணைக்கு வராதவர்கள் எங்கே கற்றார்கள்?

பழையதெல்லாம் பொன் என்று சொல்லிவிடக் கூடாது. திண்ணைப் பள்ளியில் பிரம்பு இருந்தது, பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் அந்தத் திண்ணை எட்டாத உயரம். பெண்பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள். அவர்களில் பெண்கள் வெறும் 4,540 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

அப்படியானால் நம் பாட்டிமார்களுக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும்! பால்கணக்கு, சீட்டுக்கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கணக்கு வகுப்பாக இருந்தவற்றில் விளையாட்டுக்கு முக்கியமான இடம் உண்டு என்றே எண்ணத் தோன்றுகிறது.

பல்லாங்குழியைப் பாருங்கள். இரண்டு வரிசையில் 14 குழி. குழிக்கு ஐந்து முத்து வீதம் 70. ஒரு குழியில் அள்ளி வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்வார். எந்தக் குழியில் தொடங்கினால் கடைசி முத்து எங்கே விழும் என்று முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்ப்பவர்தான் ஜெயிப்பார். இதன் மலாய் உறவுதான் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அறிந்த சொங்காக். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு காய் என்றால் மொத்தம் 98.

அஞ்சாங்கல்லும் அப்படித்தான். சங்கப் பாடல்களில் பெண்கள் மணலில் கழங்காடிய செய்தி வருகிறது. அதன் தொடர்ச்சி என்றே இதைச் சொல்லலாம். சிங்கப்பூரில் கல்லுக்குப் பதிலாகச் சிறு துணிப் பொட்டலங்கள் வைத்து விளையாடுகிறார்கள். ஒன்றை மேலே எறிந்து, கீழே இருக்கும் நான்கை முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் சேர்த்து அள்ளவேண்டும். நான்கு என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பதைக் கை கற்றுக்கொள்கிறது. தொடக்கநிலை 1இல் நாம் 'எண் பிணைப்பு' என்று சொல்லித்தருவது இதைத்தானே?

சிங்கப்பூரில்

1834இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பும் இருந்தது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. பிற்காலத்தில் தமிழ்ப் பள்ளிகள் பல எழுந்தன. 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை இயங்கியது. தமிழ்ப் பள்ளிகளில் கணக்கும் தமிழிலேயே நடந்தது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. அதன் பிறகு தமிழ் எண்ணுப்பெயர்கள் தமிழ் வகுப்புக்குள் ஒரு சிறு பாடமாகச் சுருங்கிவிட்டன. கணக்கும் தமிழும் இப்படிப் பிரிந்ததால்தான் பிள்ளைக்கு 90 தெரிகிறது, 'தொண்ணூறு' வர மறுக்கிறது.

அதே சமயம் 1980களில் உருவான சிங்கப்பூர்க் கணிதப் பாடத்திட்டம் பொருள், படம், குறியீடு என்ற வரிசையில் கற்பிக்கத் தொடங்கி உலகப் புகழ் பெற்றது. முத்தும் கல்லும் கையில் எடுத்து எண்ணிய பிள்ளைக்கு இந்த வரிசையின் முதல் படி அந்நியமானதா என்ன?

வகுப்பில் செய்து பாருங்க

1. லாபம்–பசு ஆட்டம். நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். அதை நாம் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து 1 முதல் 60 வரை ஆளுக்கொரு எண்ணாகத் தமிழில் சொல்லட்டும். 4இன் மடங்கு வந்தால் 'பசு', 7இன் மடங்கு வந்தால் 'லாபம்'. 28, 56 வந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தவறினால் வெளியேற்ற வேண்டாம். வெளியேறிய பிள்ளைக்குப் பயிற்சி நின்றுபோகும். அந்த எண்ணை எழுத்தால் பலகையில் எழுதிவிட்டுத் தொடரட்டும்.

2. வீசச் சங்கிலி. 16 பேர் வரிசையாக நிற்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு வீசம் கூட்டவேண்டும்: வீசம், அரைக்கால், மூவீசம், கால், காலே வீசம், காலே அரைக்கால்... எட்டாமவர் 'அரை', பன்னிரண்டாமவர் 'முக்கால்', பதினாறாமவர் 'ஒன்று' என்று முடிக்கவேண்டும். உயர்நிலை மாணவர்களுக்கு இது சரியாக இருக்கும்.

3. துவாஸ் ஆட்டம். துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பர் 1இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2040களில் முழுமையடையும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளும் என்பது திட்டம். (இந்தக் கணக்கில் 20 அடி நீளக் கொள்கலன் ஓர் அலகு.) இந்த எண்ணைத் துவாஸ் விடுதிகளில் தங்கியிருக்கும் தமிழகத் தொழிலாளர் ஒருவர் ஆறரைக் கோடி என்பார். நம் மாணவர் 65 மில்லியன் என்பார். இரண்டும் ஒன்றுதான்: பத்து லட்சம் ஒரு மில்லியன், பத்து மில்லியன் ஒரு கோடி. ஓர் அணி மில்லியனில் ஓர் எண் சொல்ல, மற்ற அணி உடனே லட்சம், கோடியில் மாற்றட்டும். தமிழக நாளிதழைப் படித்துப் புரிந்துகொள்ளவும், செய்தி தொடர்பான கருத்தறிதலுக்கும் இது உதவும்.

மாணவர்கள் நினைவில் வைக்க: 9 ஒன்பது, 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், ஆனால் 9000 ஒன்பதாயிரம். பழந்தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்ற பெயரும் இருந்தது. அதை நினைத்துக்கொண்டால் தொண்ணூறும் தொள்ளாயிரமும் மறக்காது.

திண்ணையின் கூட்டுக் குரலை எடுத்துக்கொள்வோம், பிரம்பைத் திண்ணையிலேயே விட்டுவிடுவோம். பாட்டிமார் விளையாட்டிலிருந்து சிரிப்பை எடுத்துக்கொள்வோம். பாடத்தின் முதல் ஐந்து நிமிடம் இதற்குப் போதும். ஒரு தவணை முழுக்க விடாமல் செய்து பாருங்க. எண்களைத் தமிழில் சொல்லும்போது வரும் தயக்கம் மெல்ல மெல்லக் குறையும்.